அடுத்தவர் காரை ஓட்டுவதற்கு முன்: சிங்கப்பூரில் சாவி கைமாறும்போது பார்க்க வேண்டியவை, வரிசைப்படி

தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்தால் போதும், எனக்கு இரண்டு மூன்று பேராவது செய்தி அனுப்பிவிடுவார்கள்: "அண்ணே, சனிக்கிழமை ஒரு நாள் கார் கிடைக்குமா?" கேட்பவருக்கு அவசரம். கொடுப்பவருக்கு முகதாட்சண்யம். இரண்டுக்கும் நடுவில் காப்புறுதியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நானும் திறக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் மச்சானிடம் சாவியைக் கொடுத்தேன், சாங்கி விமான நிலையத்திலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வர. அவர் லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கார் நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வரும்போது ஒரு வேனின் பக்கவாட்டில் உரசிவிட்டார். அந்த ஒரு உரசலுக்கு நான் கட்டிய கணக்கு 5ஆம் படியில் இருக்கிறது. அதன் பிறகு, கேட்பவர் யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசையில்தான் பார்க்கிறேன். கடன் வாங்கும் பக்கம் நீங்கள் இருந்தாலும் இதே வரிசைதான்.

முதலில் சட்டத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகன மூன்றாம் தரப்பு அபாயச் சட்டத்தின்படி, மூன்றாம் தரப்புக் காப்புறுதி (உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) இல்லாமல் வண்டியை ஓட்டுவது குற்றம். அப்படி ஓட்டும்படி மற்றவரை விடுவதும் அதே குற்றம். தண்டனை 1,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைப் பார்த்து இவ்வளவுதானா என்று நினைத்துவிட வேண்டாம். அடி விழுவது அடுத்ததில்: 12 மாதம் வாகனம் ஓட்டத் தடை. ஓராண்டோ அதற்கு மேலோ தடை வந்தால் உரிமமே செல்லாமல் போகும், தேர்வுகளை மறுபடி எழுதித்தான் திரும்பப் பெற வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் தடையிலிருந்து விலக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் அதை மிகக் குறுகலாகவே பார்க்கின்றன. "பிழைப்பே ஓட்டுவதுதான்" என்பது அதில் சேராது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு பொருள்கள்: ஓட்டப்போகிறவரின் ஓட்டுநர் உரிமம், வண்டியின் காப்புறுதிச் சான்றிதழ், பாலிசி அட்டவணை, காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேரத் தொலைபேசி எண்.

சான்றிதழும் அட்டவணையும் வேறு வேறு தாள்கள். யார் ஓட்டலாம், எதற்கு ஓட்டலாம் என்பது சான்றிதழில் இருக்கும். இடித்தால் யார் எவ்வளவு கட்டுவது என்பது அட்டவணையில் இருக்கும். பலர் பிரீமியம் கட்டிய ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு "எல்லாம் இருக்கு" என்கிறார்கள். ரசீது இந்த வேலைக்கு ஆகாது. மின்னஞ்சலில் பழைய பிடிஎஃப் கோப்பைத் தேடி எடுங்கள், போன வருடத்துத் தாள் இல்லையே என்று தேதியையும் பாருங்கள்.

2. உரிமத்தை முதலில் பாருங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் உரிமம். ஓட்டுநருக்குச் செல்லுபடியாகும் உரிமம் இல்லையென்றால் பாலிசியில் வேறு என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை, சான்றிதழே "உரிமம் உள்ளவருக்கு மட்டும்" என்றுதான் சொல்லும். கூடவே இது தனிக் குற்றமும் ஆகிறது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. தெரிந்தே ஓட்ட விட்ட சொந்தக்காரருக்கும் அதே அளவுதான்.

சிங்பாஸ் செயலியில் உரிமம் இருக்கும், திறந்து காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. நான்கு இடங்களில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள்.

ஒன்று, உரிமத்தின் வகை. 3ஏ உரிமம் ஆட்டோ கியர் வண்டிக்கு மட்டும். கியர் மாற்றி ஓட்டும் பழைய வண்டியை 3ஏ வைத்திருப்பவர் ஓட்டினால், சட்டத்தின் கண்ணில் அவருக்கு உரிமமே இல்லை.

இரண்டு, ஊர் உரிமம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இந்திய உரிமத்தையும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வைத்துக்கொண்டு, "எனக்கு ஊரில் பத்து வருட அனுபவம்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் இங்கே தங்கத் தொடங்கி 12 மாதம் ஆகிவிட்டால் அந்த உரிமம் இங்கே செல்லாது. அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு எழுதி சிங்கப்பூர் உரிமமாக மாற்றியிருக்க வேண்டும். வந்த தேதியைக் கேட்டு விரல் விட்டு எண்ணுங்கள்.

மூன்று, வயது. 65ஐத் தொட்டவர்கள் மருத்துவப் பரிசோதனையில் தேறியிருந்தால்தான் உரிமம் நீடிக்கும், அப்புறம் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. அப்பாவிடம் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

நான்கு, புதியவர். உரிமம் பெற்று ஓராண்டுக்குள் என்றால் பி தகடு முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். இரவல் காரில் இதைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள்.

3. வண்டிக்கு இன்றைக்குக் காப்புறுதி இருக்கிறதா

சிங்கப்பூரில் காப்புறுதியே இல்லாத கார் கொஞ்சம் அபூர்வம்தான். சாலை வரியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அந்தக் காலம் முழுவதற்கும் காப்புறுதி இருக்க வேண்டும், நிறுவனங்கள் அந்தத் தகவலை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு மின்னணு முறையில் அனுப்பிவிடுகின்றன. ஆகவே ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துச் சாலை வரி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். கண்ணாடியில் சாலை வரி வட்டத்தைத் தேடாதீர்கள், 2017 பிப்ரவரி முதல் அதை ஒட்டவே தேவையில்லை.

சாலை வரி இருக்கிறது என்பதோடு நின்றுவிடவும் கூடாது. அது ஓர் அறிகுறி, அவ்வளவுதான். நடுவில் பாலிசி ரத்தாகியிருக்கலாம். அதனால் சான்றிதழில் இருக்கும் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் நேரில் பார்ப்பது நல்லது. பல பாலிசிகள் நள்ளிரவோடு முடிகின்றன. ஞாயிறு இரவு 11 மணிக்கு விருந்து முடிந்து கிளம்பி, வீடு சேரும்போது காப்புறுதி இல்லாத வண்டியில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

கார் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காப்புறுதி காரோடு சேர்ந்து கைமாறாது. பெயர் மாற்றம் முடிந்த நொடியிலிருந்து விற்றவரின் பாலிசி உங்களுக்கு உதவாது. "இன்னும் மூன்று மாதம் இன்ஷூரன்ஸ் பாக்கி இருக்கு, ஓட்டிக்கோ தம்பி" என்று விற்பவர் பெருந்தன்மையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, உங்கள் பெயரில் பாலிசி தொடங்கிய பிறகு சாவியை வாங்குங்கள்.

சாலை வரி கட்டாத காரை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் சும்மா நிறுத்தியிருந்தாலும் குற்றம்தான். "ஓட்டவே இல்லையே" என்பது செல்லாது.

4. சான்றிதழில் இரண்டு பகுதிகளை வரி வரியாகப் படியுங்கள்

வழக்கில் சிக்குபவர்களில் பலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது. வண்டிக்குக் காப்புறுதி இருக்கும். ஓட்டுகிற ஆளுக்கோ ஓட்டுகிற காரணத்துக்கோ இருக்காது. சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதல் பகுதி, யார் ஓட்டலாம் என்பது. இது பொதுவாக மூன்று வடிவங்களில் வரும். சில பாலிசிகளில் பெயர் குறிப்பிட்டவர்கள் மட்டும் ஓட்டலாம், மலிவுப் பாலிசிகள் பல இந்த வகை. சிலவற்றில் சொந்தக்காரரின் அனுமதியோடு யாரும் ஓட்டலாம், ஆனால் பெயர் இல்லாதவர் இடித்தால் கூடுதல் தொகை. சிலவற்றில் அனுமதி உண்டு, ஆனால் குறிப்பிட்ட வயதுக்குக் கீழோ இரண்டு ஆண்டு அனுபவத்துக்குக் குறைவாகவோ இருப்பவர் அறவே கூடாது.

"அனுமதியோடு" என்ற சொல்லை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். சொந்தக்காரர் கொடுத்த அனுமதி உங்களுக்கு மட்டும். தேக்காவில் சாப்பிட்டுவிட்டுக் களைப்பாக இருக்கிறது என்று நீங்கள் நண்பரிடம் சாவியைக் கொடுத்தால், அந்த நண்பருக்கு அனுமதி யார் கொடுத்தது? கார் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஊழியருக்கு உள்ள அனுமதி அவர் மனைவிக்குத் தானாக வராது.

இரண்டாம் பகுதி, எதற்கு ஓட்டலாம் என்பது. சாதாரணத் தனியார் கார் பாலிசி சொந்த, குடும்ப, பொழுதுபோக்குப் பயணத்துக்கும், பாலிசிதாரரின் சொந்தத் தொழில் சார்ந்த பயணத்துக்கும் என்று இருக்கும். வாடகைக்கு விடுவதும் காசு வாங்கி ஆள் ஏற்றுவதும் வெளியே. இரவல் காரில் உணவுப் பொட்டலம் விநியோகம் செய்யப் போகும் இளைஞர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். அவருக்கு உரிமம் உண்டு, சொந்தக்காரர் அனுமதியும் உண்டு, ஆனால் பயன்பாடு பாலிசிக்கு வெளியே போய்விட்டது.

பெட்ரோல் காசைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கார்பூல் விதி அதற்கு இடம் கொடுக்கிறது: நாளுக்கு இரண்டு பயணம் வரை, வாங்கும் தொகை அந்தப் பயணச் செலவைத் தாண்டாமல். அதற்கு மேல் ஒரு வெள்ளி லாபம் வந்தாலும் அது வேறு கணக்கு. சொந்தக்காரருக்கே "டோக்கன் பணமா ஒரு 100 வெள்ளி" கொடுத்துக் கார் வாங்குவதும் வாடகையாகப் பார்க்கப்படலாம். நன்றி சொல்ல வேண்டுமானால் முறுக்கு டின் கொடுங்கள்.

"நான் என் காருக்கு முழுக் காப்புறுதி வைத்திருக்கிறேன், அது எந்தக் காரை ஓட்டினாலும் என்னைக் காப்பாற்றும்" என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். சில சான்றிதழ்களில், பாலிசிதாரர் தனக்குச் சொந்தமில்லாத, தான் வாடகைக்கு எடுக்காத வேறொரு காரையும் ஓட்டலாம் என்று ஒரு வரி உண்டுதான். எல்லாவற்றிலும் இல்லை. இருந்தாலும் அது மூன்றாம் தரப்புக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும். நீங்கள் ஓட்டும் அந்த இரவல் காரின் சேதத்துக்கு அதிலிருந்து ஒரு காசு வராது. அந்த வரி பாலிசிதாரருக்கு மட்டும் என்பதையும் கவனியுங்கள், பாலிசியில் பெயர் சேர்த்த மனைவிக்கோ மகனுக்கோ அது இல்லை.

5. பணத்தைப் பற்றி முன்பே பேசிவிடுங்கள்

எக்ஸஸ் என்பது இழப்பீட்டில் நீங்கள் முதலில் உங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு. இளையவர், புதியவர், பெயர் இல்லாதவர் ஓட்டினால் வழக்கமான எக்ஸஸுக்கு மேல் இன்னொன்று ஏறும். இது பாலிசிக்குப் பாலிசி மாறும், அட்டவணையில் பாருங்கள். என் பாலிசியில் வழக்கமானது 600 வெள்ளி, இரண்டாண்டு அனுபவம் இல்லாதவருக்குக் கூடுதலாக 2,500. மச்சான் உரசியதில் என் கார் பழுதுக்கு வந்தது 2,000 வெள்ளிக்கும் கீழே. அதாவது காப்புறுதியிலிருந்து என் காருக்கு ஒன்றுமே வரவில்லை, முழுவதும் என் கையிலிருந்து.

அதோடு முடியவில்லை. வேன்காரர் இழப்பீடு கேட்டார், நிறுவனம் கொடுத்தது, என் என்சிடி இறங்கியது. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடிதான் என்சிடி. தனியார் காருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி ஐந்தாண்டில் 50இல் நிற்கும். ஒரே ஓர் இழப்பீட்டுக் கோரிக்கையில் 50 விழுக்காடு 20க்கு வந்துவிடும், 40 இருந்தால் 10, 30 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பூஜ்யம். தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 50இல் நீங்கள் கட்டியது 1,000, அடுத்த ஆண்டு கட்டப்போவது 1,600. மறுபடி 50க்கு ஏற மூன்று ஆண்டு ஆகும்.

ஓட்டியவர் யாராக இருந்தாலும் இறங்குவது பாலிசிதாரரின் என்சிடி. ஆகவே சாவி கைமாறும் முன் ஓட்டப்போகிறவர் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் எழுதிவிடட்டும்: "இடித்தால் எக்ஸஸ் நான் கட்டுகிறேன்." மச்சானிடம் நான் கேட்டிருக்க வேண்டும். அவர் கொடுத்துத்தான் தீர்த்தார், ஆனால் அதற்கு ஆன ஏழு மாதத்தில் மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போவது அவ்வளவு சுவையாக இல்லை.

6. தேவைப்பட்டால் பெயரைச் சேருங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள்

4ஆம் படியில் பதில் "இல்லை" என்றோ "தெரியவில்லை" என்றோ வந்தால், நிறுவனத்தை அழைத்து அந்த ஓட்டுநரின் பெயரைச் சேர்க்கக் கேளுங்கள். வயது, உரிமம் பெற்ற தேதி, முந்தைய விபத்துகள் கேட்பார்கள். மறைக்காதீர்கள். மறைத்துச் சேர்த்த பெயர், இழப்பீடு கேட்கும் நாளில் எதிராகத் திரும்பும்.

தொலைபேசியில் "சரி, சேர்த்துவிட்டோம்" என்றதும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். மின்னஞ்சலில் உறுதி வரட்டும். முகவரிடம் மட்டும் சொல்லிவிட்டு விட்டவர்களை எனக்குத் தெரியும். முகவர் விடுமுறையில் இருந்திருக்கிறார்.

7. ஜோகூர் போவதாக இருந்தால்

பெரும்பாலான பாலிசிகள் மேற்கு மலேசியாவையும் தாய்லாந்து எல்லையை ஒட்டிய ஒரு பகுதியையும் சேர்த்துக்கொள்கின்றன. சான்றிதழில் பாருங்கள். இரவல் கார் என்றால் மலேசிய விஇபி அட்டை (வெளிநாட்டு வண்டி அங்கே நுழைவதற்கான அனுமதி) அந்தக் காருக்குப் பதிவாகி இருக்கிறதா என்று சொந்தக்காரரிடம் கேளுங்கள், புறப்படும்போது பெட்ரோல் கலன் முக்கால் அளவாவது இருக்க வேண்டும்.

தலைகீழ்ச் சிக்கல் இன்னும் பெரியது. ஜோகூரிலிருந்து பெரியப்பா மலேசியக் காரில் வருகிறார், இங்கே வந்ததும் "நீ ஓட்டுப்பா, எனக்கு இந்த ஊர் ரோடு பழக்கமில்லை" என்கிறார். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் வெளிநாட்டில் பதிவான காரை இங்கே ஓட்டக் கூடாது. உட்லண்ட்ஸிலிருந்து ஈசூன் வரை ஒரு சின்னத் தூரம்தான் என்றாலும். பெரியப்பாவே ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுங்கள்.

8. இடித்துவிட்டால்

பதற்றத்தில் வரிசை குழம்பும், ஆகவே இதைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்துங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 995. இரு வண்டிகளின் எண்ணும் தெரியும்படி படம் எடுங்கள், எதிர்த்தரப்பின் பெயர், உரிம விவரம், காப்புறுதி நிறுவனம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிறுவனத்தின் எண்ணை அழையுங்கள். கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் காரை ஒப்படைக்காதீர்கள், அங்கீகாரம் இல்லாத வொர்க்ஷாப்புக்குப் போனால் நிறுவனம் கை விரிக்கும்.

24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் விபத்தைக் காரின் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். கீறல்கூட இல்லையென்றாலும், எதிர்த்தரப்பு "பரவாயில்லை விடுங்க" என்றாலும், இருவரும் தனியாகப் பேசி முடித்துக்கொண்டாலும் சரி. தெரிவிக்காமல் விட்டால் பொறுப்பேற்க மறுக்கவும் என்சிடியைக் குறைக்கவும் நிறுவனத்துக்கு இடமுண்டு. வாக்குமூலம் கொடுக்க வேண்டியவர் ஓட்டியவர். சொந்தக்காரர் "நான்தான் ஓட்டினேன்" என்று மச்சானைக் காப்பாற்றப் போவதுதான் இதில் மிக மோசமான தவறு. எக்ஸஸ் விவகாரம் அங்கே பொய் வாக்குமூல விவகாரமாக மாறிவிடும்.

காயம், அரசாங்கச் சொத்துக்குச் சேதம், வெளிநாட்டு வண்டி, பாதசாரி அல்லது சைக்கிளோட்டி, இடித்துவிட்டு ஓடியவர். இவற்றில் ஒன்று இருந்தாலும் காவல்துறையிலும் புகார் செய்ய வேண்டும்.

9. உங்களை இடித்த வண்டிக்குக் காப்புறுதி இல்லையென்றால்

எதிர்த்தரப்பு விவரம் தர மறுத்தாலும் வண்டி எண் போதும். பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் இணையத் தேடலில் கட்டணம் செலுத்தி, விபத்து நாளில் அந்த வண்டிக்கு எந்த நிறுவனம் என்று பார்க்கலாம். ஒருவரும் இல்லை என்று வந்தால் பாதை இரண்டாகப் பிரிகிறது.

உடல் காயம் என்றால் மோட்டார் இன்ஷூரர்ஸ் பியூரோ இருக்கிறது. காப்புறுதி இல்லாத வண்டியாலோ இடித்துவிட்டு ஓடிய வண்டியாலோ காயம் பட்டவர்களுக்கு உதவ, காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. மருத்துவ ரசீதுகளையும் காவல்துறைப் புகாரின் நகலையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள், காயத்துக்கான வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. பாலிசி இருந்து, ஓட்டுநர் அதன் நிபந்தனையை மீறியிருந்தால், காயம்பட்டவருக்கான தீர்ப்புத் தொகையை நிறுவனம் பெரும்பாலும் கொடுத்தாக வேண்டியிருக்கும். அப்புறம் அதைத் தன் பாலிசிதாரரிடம் வசூலிக்கும். இரவல் கொடுத்தவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

கார் மட்டும்தான் நசுங்கியது என்றால் பியூரோ உதவாது, சட்டம் கட்டாயமாக்குவதே உயிரிழப்புக்கும் காயத்துக்குமான காப்புறுதியைத்தான். உங்களிடம் முழுக் காப்புறுதி இருந்தால் அதில் இழப்பீடு கேளுங்கள், உங்கள் நிறுவனம் எதிர்த்தரப்பைத் துரத்தட்டும். மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் என்றால் ஓட்டியவர்மீது நீங்களே வழக்குப் போட வேண்டும். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு ஓடாதீர்கள், வாகன விபத்துச் சேதத்தை அங்கே எடுக்க மாட்டார்கள். 60,000 வெள்ளி வரை என்றால் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம். எதிர்த்தரப்பிடம் பணமே இல்லையென்றால் தீர்ப்பு வாங்கியும் என்ன செய்வது என்று வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.